நல்ல கையை மறைப்பதா, அடிப்பதா? டோர்னமென்ட் போக்கரில் முழு மதிப்பு வாங்கும் வழி

மதுரை கே.புதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் ஒன்பது பேர் கூடி ஹோல்டம் டோர்னமென்ட் ஆடுகிறார்கள்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). காசு கிடையாது, சிப்பும் புள்ளிப் பட்டியலும் மட்டும்தான். அவருடைய குறை இது: பெரிய கை வந்தால் ஒன்றும் தேறுவதில்லை. ஏஸ் ஜோடி வந்து அடித்தால் (பெட் வைத்தால்) எல்லோரும் கையைக் கீழே போட்டு ஃபோல்டு செய்துவிடுகிறார்கள். போன வாரம் 9 ஜோடி வந்தது. கை தொடங்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்டு 500-1,000, அதோடு சேரும் ஆன்டி 1,000. அவர் கையில் 43,000. 2,500-க்கு ரெய்ஸ் செய்தார் (ஏற்றினார்), பிக் பிளைண்டில் (1,000 வைத்த இடத்தில்) இருந்த அண்ணன் மட்டும் கால், அதாவது அதே தொகையைக் கட்டினார். ஃபிளாப்பில் கிங்-9-4, அதில் இரண்டு ஆர்ட்டின். மூன்று ஒன்பது கிடைத்ததும் ஃபிளாப்பிலும் டர்னிலும் செக் செய்து (எதுவும் வைக்காமல் விட்டு) மறைத்தார். ரிவரில் 6,000 அடித்தார், அண்ணன் கால் செய்து கிங்-குயீனைக் காட்டினார். அவரிடமும் 40,000 சிப் இருந்ததே, அதை எங்கே விட்டேன் என்பது கேள்வி.

விட்டது ஃபிளாப்பில். ரிவரில் 6,000-க்குப் பதில் எவ்வளவு அடித்திருக்கலாம் என்று இப்போது யோசிப்பதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அதற்குள் பாட் (நடுவில் சேர்ந்த சிப்) சின்னதாகவே நின்றுவிட்டது. 6,500 இருக்கிற பாட்டில் திடீரென்று 40,500-ஐத் தள்ளினால் கிங்-குயீன்காரர் ஃபோல்டு செய்வார். செய்யாவிட்டால்தான் ஆச்சரியம். ஒருவருடைய ஸ்டாக் (கையிலிருக்கும் சிப்) முழுவதும் நம் பக்கம் வர வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் அவருக்குக் கால் செய்யத் தோன்றுகிற அளவில் அடித்து, கடைசிச் சுற்று வரும்போது மிச்சம் இருக்கிற சிப் பாட்டைவிடச் சின்னதாகத் தெரியும்படி செய்துவைக்க வேண்டும்.

அந்தக் கையையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் போட்ட 2,500, அவர் கணக்கில் 2,500, சின்ன பிளைண்டு 500, ஆன்டி 1,000: ஃபிளாப்பில் பாட் 6,500. இருவரிடமும் மிச்சம் ஏறக்குறைய 40,500. மூன்று சுற்றிலும் பாட்டில் சுமார் 70 சதவீதம் அடித்துக்கொண்டே போனால் என்ன ஆகிறது? ஃபிளாப்பில் 4,500, கால் வந்தால் பாட் 15,500, மிச்சம் 36,000. டர்னில் 10,700; கால் வந்தால் பாட் 36,900, மிச்சம் 25,300. ரிவரில் அந்த 25,300-ஐ ஆல்-இன் வைத்தால் அதுவும் பாட்டில் 70 சதவீதத்துக்கு உள்ளேதான். எந்த இடத்திலும் பாட்டைவிடப் பெரிய பெட் இல்லை, ஆனால் ஸ்டாக் முழுவதும் உள்ளே போய்விட்டது.

ஃபிளாப்பில் ஒரே ஒரு செக் செய்தால் இதே வேலையை இரண்டு சுற்றில் முடிக்க வேண்டும். அப்போது டர்னில் 6,500 பாட்டுக்கு 8,700 அடிக்க வேண்டும், ரிவரில் 23,900 பாட்டுக்கு 31,800. இரண்டுமே பாட்டைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிது. கிங்-குயீன்காரர் இந்த இரண்டையும் கட்டுவது கடினம். சரி, செக் வேண்டாம், சின்னச் சின்னதாக மூன்றில் ஒரு பங்கு அடிக்கலாமே என்றால், 2,200, 3,600, 6,000 என்று மூன்று சுற்றுக்கும் சேர்த்து 11,800 தான் போகும். அவர் கையில் 28,700 அப்படியே நிற்கும்.

மூன்று அடியையும் அந்த அண்ணன் கட்டியிருப்பார் என்று நான் உறுதி சொல்லவில்லை. டாப் பேர் (மேஜையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) வைத்துக்கொண்டு 4,500-ஐ யாரும் விட மாட்டார்கள். 10,700-ஐயும் பெரும்பாலோர் கட்டுவார்கள். ரிவரில் பயந்து ஃபோல்டு செய்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 15,200 வந்திருக்கும். உங்களுக்குக் கிடைத்த 6,000-ஐவிட இரண்டரை மடங்கு. அவர் மூன்றாவதையும் கட்டினால் அந்த வார டோர்னமென்டே உங்கள் கைக்கு வந்த மாதிரி.

மேஜையில் உட்கார்ந்து இவ்வளவு கணக்குப் போட வேண்டியதில்லை. ஃபிளாப் விழுந்ததும் பாட்டைப் பாருங்கள், இருவரில் யாருடைய ஸ்டாக் குறைவோ அதைப் பாருங்கள். அது பாட்டைப் போல ஆறு மடங்கு இருந்தால் மூன்று சுற்றிலும் பாட்டில் 70 சதவீதம். நாலு மடங்கு என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை மடங்கு என்றால் மூன்று முறை பாட்டில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வைத்தாலே போதும். இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் டோர்னமென்டில் வரும் சூழ்நிலைகளில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடலாம். பிளைண்டு ஏற ஏற எல்லோர் ஸ்டாக்கும் சிறுத்துவிடும், அதனால் பிந்திய கட்டங்களில் சின்ன பெட்டே முழு வேலையையும் செய்யும். உதாரணமாக 30 பிக் பிளைண்டு ஸ்டாக்கில் ஒருவர் 2.2 என்று திறக்கிறார் (முதல் ரெய்ஸ்), நீங்கள் பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) கிங் ஜோடியோடு 7-க்கு ஏற்றுகிறீர்கள், அவர் கால். பாட் 16.5 பிக் பிளைண்டு, மிச்சம் 23. இங்கே ஃபிளாப்பில் முக்கால் பாட் அடித்து அவரை விரட்டுவானேன்? நாலு அல்லது ஐந்து பிக் பிளைண்டு வைத்தால் போதும், மீதி தானாகவே ரிவருக்குள் உள்ளே வந்துவிடும்.

நம்மூரில் மறைக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நம்மில் பலர் சீட்டு பிடித்ததே ரம்மியில்தான். கல்யாண மண்டபத்தின் மாடி, சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடுகிற திண்ணை, ரயிலில் கீழ் பெர்த்தில் விரித்த துண்டு, எல்லா இடத்திலும் ரம்மி. அந்த ஆட்டத்தில் கை சேருவது எதிராளிக்குத் தெரியக் கூடாது. கடைசிவரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்து டிக்ளேர் செய்தால் எதிரே இருப்பவர் ஃபுல் கவுண்டில் மாட்டுவார். மறைத்ததற்கு ஆட்டமே கூலி கொடுத்துவிடுகிறது. போக்கரில் அப்படி இல்லை. நீங்கள் மறைத்த நேரத்தில் எதிராளி ஒரு சிப்பும் போடவில்லை என்றால், அவர் கை எவ்வளவு மோசமானாலும் உங்களுக்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பெரிய கை எவ்வளவு அபூர்வம் என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறை வரும். ஏதாவது ஒரு ஜோடி 17 கைக்கு ஒருமுறை. அந்த ஜோடிக்கு ஃபிளாப்பில் மூன்றாவது சீட்டு கிடைப்பது ஏறத்தாழ எட்டரைக்கு ஒருமுறை. இரண்டையும் பெருக்கினால் உங்கள் மூன்று ஒன்பது போன்ற கை சுமார் 144 கைக்கு ஒன்று. வீட்டில் கையால் கலைத்துப் போட்டு ஆடும்போது மணிக்கு 20, 25 கைதான் ஓடும். நாலு மணி நேர ஆட்டத்தில் நூறு கை. அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி மூன்று சேரும் ஒரு செட்கூட உத்தரவாதம் இல்லை. அதை 6,000-க்குக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த நஷ்டத்தை மற்ற கைகளில் ஈடுகட்டவே முடியாது. தோற்ற கைகளைப் பற்றி இரவு முழுவதும் பேசுகிறோம். ஜெயித்த கையில் குறைவாக வாங்கியதை யாரும் பேசுவதில்லை. நீங்கள் அதைக் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி.

அப்புறம், எவ்வளவு அடிப்பது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: யார் கட்டுவார்? மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிக்கு விலை சொல்கிறவர் கூடையைப் பார்த்துச் சொல்வதில்லை, எதிரே நிற்கிறவரைப் பார்த்துச் சொல்கிறார். முகூர்த்தத்துக்கு மாலை கட்ட வந்தவர் எந்த விலைக்கும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நம் கை பலமாக இருப்பது நமக்கு மட்டும் தெரிந்த சங்கதி. சிப் வருவது எதிராளி கையில் இருக்கிற சீட்டிலிருந்து.

கிங்-9-4 ஃபிளாப்பில் அந்த அண்ணனிடம் என்னென்ன இருக்கலாம்? கிங்-குயீன், கிங்-ஜாக், கிங்-10 என்ற டாப் பேர்கள். இரண்டு ஆர்ட்டின் வைத்து ஃப்ளஷுக்கு (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) காத்திருக்கிற கைகள். குயீன் விழுந்தால் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) ஆகும் ஜாக்-10, பத்து விழுந்தால் ஆகும் குயீன்-ஜாக். ஒரு நாலு, ஐந்து ஜோடி, ஆறு ஜோடி மாதிரிச் சின்ன கைகள். இதில் டாப் பேர் மூன்று சுற்றிலும் கட்ட வாய்ப்புண்டு. ஆனால் ஃப்ளஷுக்கோ ஸ்ட்ரெயிட்டுக்கோ காத்திருக்கிற டிரா கைகள் ஃபிளாப்பிலும் டர்னிலும் மட்டும்தான் கட்டும். ரிவரில் சீட்டு விழாவிட்டால் அவை ஒரு சிப்பும் தராது. ஃப்ளஷ் டிரா ரிவருக்குள் முடிவது 35 சதவீதம். மீதி 65 சதவீதத்தில் அவர் கையில் இருப்பது குப்பை. ஆக, டிராவிடம் வசூல் செய்ய உங்களுக்கு இரண்டு சுற்றுதான் இருந்தது, இரண்டையும் இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

டாப் பேரிலும் காத்திருந்தால் நஷ்டம் உண்டு. டர்னில் ஒரு ஏஸ் விழுந்திருந்தால்? மூன்றாவது ஆர்ட்டின் விழுந்திருந்தால்? கிங்-குயீன்காரர் உடனே சுருங்கிவிடுவார். ஃபிளாப்பில் 4,500 சந்தோஷமாகக் கட்டியிருப்பவர் டர்னில் 3,000-க்கே யோசிப்பார். நம்மை முந்துகிற சீட்டைவிட, எதிராளியைப் பயமுறுத்துகிற சீட்டுதான் பெரிய கையின் மதிப்பை அதிகம் தின்கிறது. எதிராளி தன் கையை நல்ல கை என்று நம்புகிற நேரம் பெரும்பாலும் ஃபிளாப்தான். அப்போதே ஆரம்பித்துவிட வேண்டும்.

மறைத்து ஆடவே கூடாதா என்றால், அதற்கும் இடம் உண்டு. அதே ஃபிளாப்பில் உங்கள் கையில் 9 ஜோடிக்குப் பதில் கிங் ஜோடி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 ஜோடி இருக்கும்போது வெளியே மூன்று கிங்கும் நாலு குயீனும் மிச்சம்; கிங்-குயீன் 12 விதமாக வரலாம். கிங் ஜோடி உங்களிடம் இருந்தால் வெளியே ஒரே ஒரு கிங்தான். கிங்-குயீன் நாலே விதம். கை இன்னும் பெரிதாகிவிட்டது, ஆனால் கட்டக்கூடியவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள். இந்த இடத்தில், அதுவும் ஃபிளாப்பில் மூன்று சீட்டும் மூன்று ஜாதியாக இருந்தால், ஒரு செக் செய்து எதிராளிக்கு ஏதாவது ஒட்டட்டும் என்று விடுவது நியாயமான ஆட்டம். நடு செட்டை வேகமாக ஆடுவதும் மேல் செட்டைச் சில சமயம் மெதுவாக ஆடுவதும் இந்தக் காரணத்தால்தான்.

மறைத்து ஆடுவதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1988 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கடைசி கை. ஜானி சானிடம் ஜாக்-9, எரிக் சைடலிடம் குயீன்-7. ஃபிளாப் குயீன்-10-8. சானுக்கு அப்போதே ஸ்ட்ரெயிட் முடிந்துவிட்டது. அவர் செக் செய்து செக் செய்து காத்திருந்தார். கடைசியில் சைடல் தன் டாப் பேரை நம்பி ஆல்-இன் போனார். சான் தொடர்ந்து இரண்டாவது வருடமாகப் பட்டம் வென்றார். அற்புதமான ஆட்டம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே மிச்சம் இருந்தது இரண்டே பேர். இருவர் மட்டும் ஆடும்போது ஒரு ஜோடியே பெரிய கை. எதிராளி செக் செய்தால் மற்றவர் தானாக அடிக்க ஆரம்பித்துவிடுவார். சான் மறைத்தது, தனக்காக அடிக்க ஒருவர் எதிரே இருந்ததால். உங்கள் மேஜையில் அந்த அண்ணன் செக்குக்கு செக் என்று போகிறவராக இருந்தால், அந்த ஆட்டத்தை அவரிடம் ஆடி என்ன பயன்? எதிராளி அடிக்கிறவர், அல்லது பயமுறுத்தும் சீட்டு விழ வாய்ப்பே இல்லை, அல்லது பாட் ஏற்கெனவே பெரிதாகி ஒரே அடியில் எல்லாம் உள்ளே போய்விடும்: இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் மறைக்கலாம். இல்லாவிட்டால் அடியுங்கள்.

இனி ஏஸ் ஜோடி. நீங்கள் அடித்ததும் எல்லோரும் ஃபோல்டு செய்வதற்கு ஏஸ் ஜோடி காரணம் அல்ல, மற்ற கைகளில் நீங்கள் ஆடும் விதம் காரணம். இரண்டு விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். மற்ற நல்ல கைக்கு 2,500 வைக்கிறவர் ஏஸ் ஜோடிக்கு 4,000, 5,000 வைக்கிறீர்களா? வாரா வாரம் அதே ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டாவது மாதத்தில் மேஜைக்கே தெரிந்துவிடும். அடுத்தது, ஒரு மணி நேரம் ஸ்கூட் (ஃபோல்டு) விட்டுக்கொண்டே இருந்து ஏஸ் ஜோடி வந்ததும் மட்டும் ரெய்ஸ் செய்கிறீர்களா? அப்படியானால் அவர்கள் ஃபோல்டு செய்வது சரியான ஆட்டம்தான். ஒன்பது பேர் மேஜையில் முதல் ஆளாக இருக்கும்போது 12 முதல் 15 சதவீத கைகளையும், எல்லோரும் விட்டுக்கொடுத்துப் பட்டன் வரை வந்தால் 40 சதவீதம் வரையும் ஒரே அளவில் திறந்து ஆடுங்கள். சூட்டட் கனெக்டரை (ஒரே ஜாதியில் அடுத்தடுத்த இரண்டு சீட்டு) கடைசியில் கை திருப்பும்போது காட்டிய ஆளுக்கு அடுத்த முறை ஏஸ் ஜோடியில் கால் கிடைக்கும்.

கால் கிடைக்கவில்லை என்பதற்காக ஏஸ் ஜோடியை ரெய்ஸ் செய்யாமல் வெறும் காலாக விடாதீர்கள். எதிரே ஒருவர் என்றால் ஏஸ் ஜோடி சராசரியாக 85 சதவீதம் ஜெயிக்கும். ஐந்து பேர் உள்ளே வந்தால் அது பாதிக்கு வந்துவிடும். எட்டு பேர் வந்தால் 35 சதவீதம்தான். அதோடு, யாருமே கால் செய்யாமல் பிளைண்டும் ஆன்டியும் மட்டும் வந்தால்கூட அது 2.5 பிக் பிளைண்டு. 20 பிக் பிளைண்டு வைத்திருக்கிறவருக்கு ஒரே கையில் ஸ்டாக் எட்டில் ஒரு பங்கு வளர்கிறது. அதை வெறுங்கை என்று நினைக்க வேண்டாம்.

ஆளுக்கு ஆள் ஆட்டம் மாறும். நம் ஊர்ப் பக்கம் நடக்கும் வீட்டு ஆட்டங்களில் மூணு சீட்டில் ஊறியவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு எதிராளி கையைப் பார்க்காமல் விட மனசு வராது. ஷோ கேட்ட பழக்கம் அப்படியே காலாக மாறிவிடுகிறது. அவர்களிடம் கை இல்லாமல் அடித்து பிளஃப் செய்வது வீண், ஆனால் நல்ல கை வந்தால் முழு விலை சொல்லலாம். ரம்மிக்காரர்கள் நேர்மாறு, கணக்குப் பார்ப்பார்கள், பெரிய பெட் கண்டால் ஸ்கூட். அவர்களிடம் பாட்டில் பாதியைத் தாண்டாமல் வையுங்கள். எதற்கெடுத்தாலும் அடிக்கிற ஆள் ஒருவர் இருப்பார், அவரிடம் மட்டும் செக் செய்து காத்திருங்கள், அவரே பாட்டை ஏற்றித் தருவார். காசு இல்லாத ஆட்டத்தில் எல்லோருமே கொஞ்சம் தாராளமாகக் கால் செய்வார்கள் என்பதும் உங்களுக்குச் சாதகம். அப்படியே காசில்லாமல் தொடருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆட்டத்தின் ருசி சிப்பிலும் புள்ளியிலும் முழுசாகவே கிடைக்கிறது.

பெரிய பெட்டுக்குக் கால் குறையுமே என்ற பயத்துக்கு ஒரு கணக்கு. ரிவரில் 6,000 வைத்தால் பத்துக்கு எட்டு முறை கால் வரும் என்று வையுங்கள்: சராசரி 4,800. 25,000 வைத்தால் பத்துக்கு மூன்று முறைதான் கால்: சராசரி 7,500. ஏழு முறை வெறுங்கையோடு இழுத்தாலும் பெரிய பெட் அதிகம் சம்பாதிக்கிறது. மனசுக்குச் சின்ன பெட் பிடிப்பதற்குக் காரணம், கால் வருகிற சந்தோஷம் அடிக்கடி கிடைப்பதுதான். எத்தனை முறை கட்டுவார் என்பதோடு எவ்வளவு கட்டுவார் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கை நடுத்தரமானால் இதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். உங்களிடம் ஏஸ்-குயீன், மேஜையில் ஏஸ்-8-5-ஜாக்-3, ஃப்ளஷ் கிடையாது. எதிராளி செக். நிறைய பேர் இங்கே செக் செய்து சீட்டைத் திருப்பிவிடுவார்கள். எண்ணிப் பாருங்கள். ஏஸ்-10, ஏஸ்-9, ஏஸ்-7, ஏஸ்-6, ஏஸ்-4, ஏஸ்-2 ஆகிய ஆறும் ஒவ்வொன்றும் 8 விதம், மொத்தம் 48. எல்லாமே உங்களிடம் தோற்கும், எல்லாமே ஒரு நியாயமான பெட்டைக் கட்டும். உங்களை ஜெயிப்பவற்றில் முக்கியமானவை ஏஸ்-ஜாக், ஏஸ்-8, ஏஸ்-5, ஏஸ்-3 ஒவ்வொன்றும் 6 விதம், 8 ஜோடி, 5 ஜோடி, 3 ஜோடி ஒவ்வொன்றும் 3 விதம், மொத்தம் 33. ஏஸ்-கிங்கும் ஜாக் ஜோடியும் இருந்தால் ஃபிளாப்புக்கு முன்னாலேயே ஏற்றியிருப்பார். கால் வந்தால் ஐந்தில் மூன்று முறை நீங்கள் ஜெயிக்கிறீர்கள். பாதிக்கு மேல் ஜெயித்தால் பெட் லாபம். ஆகவே அடிக்க வேண்டும், ஆனால் பாட்டில் 40 சதவீதம் போல. முழு பாட் அடித்தால் ஏஸ்-6 ஃபோல்டு செய்துவிடும், கால் செய்ய மிஞ்சுவது இரண்டு ஜோடிக்காரர்கள் மட்டும். அந்தச் சின்ன பெட்டுக்கு மேல் அவர் ரெய்ஸ் செய்தால் விட்டுவிடுங்கள். வீட்டு மேஜையில் ரிவர் ரெய்ஸ் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு நிஜமான கைதான் என்பது என் அனுபவம்.

இதுவரை சொன்னது சிப் கணக்கு. டோர்னமென்ட் முடியும் தறுவாயில் இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. உங்கள் புள்ளிப் பட்டியலில் முதல் இடத்துக்கு 50, இரண்டுக்கு 30, மூன்றுக்கு 20 என்று வைப்போம். மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சம சிப். ஒவ்வொருவர் மதிப்பும் 33.3 புள்ளி. இருவர் ஆல்-இன் மோதினால் ஜெயித்தவரிடம் மூன்றில் இரண்டு பங்கு சிப் சேரும், அவர் மதிப்பு 43.3. தோற்றவருக்கு 20. அதாவது ஜெயித்தால் 10 புள்ளி கூடும், தோற்றால் 13.3 குறையும். கால் செய்பவருக்கு 50 சதவீதம் போதாது, 57 தேவை.

இதனால் உங்கள் பெரிய கைக்கு என்ன ஆகிறது? நடுத்தர ஸ்டாக்காரர்கள் இறுகிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் மூன்று அடியும் கட்டியிருக்கக்கூடிய கிங்-குயீன் இப்போது இரண்டாவது அடியிலேயே போய்விடும். ஆகவே அவர்களிடம் அளவைக் குறைத்து, பாட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டே போங்கள். முழு ஸ்டாக்கை எதிர்பார்க்க வேண்டியது இரண்டு பேரிடம்: மேஜையில் எல்லோரையும்விட அதிகம் வைத்திருப்பவர், அவருக்கு ஒரு கால் தோற்றாலும் ஆட்டம் முடியாது, அடுத்து ஆறு, ஏழு பிக் பிளைண்டோடு தவிப்பவர், அவருக்கு இனி ஃபோல்டு செய்ய நேரம் இல்லை. அப்புறம், இந்த 57 சதவீதத்தைக் கேட்டுவிட்டு ஏஸ் ஜோடியையே ஃபோல்டு செய்கிற அளவுக்குப் போகாதீர்கள். கிங் ஜோடியோடு மோதினாலும் அது 80 சதவீதத்துக்கு மேல். கொஞ்சம் தோற்கும் பயம் இருந்தாலும் அந்த இடத்தில் எல்லா சிப்பும் உள்ளே போக வேண்டும்.

பத்து பிக் பிளைண்டுக்குக் கீழே போய்விட்டால் நுணுக்கத்துக்கு இடமில்லை. மற்ற கைகளை ஆல்-இன் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஏஸ் ஜோடியையும் அதேபோல் தள்ளுங்கள். அதற்கு மட்டும் சின்னதாக ரெய்ஸ் செய்தால் வாரா வாரம் உங்களைப் பார்க்கிறவர்கள் இரண்டாவது முறையே புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக, எல்லோரும் ஃபோல்டு செய்த பிறகு ஏஸ் ஜோடியைத் திருப்பிக் காட்டுகிற பழக்கம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்திவிடுங்கள். காட்டும் ஒவ்வொரு முறையும், இவர் அடித்தால் நிஜம்தான் என்று மேஜைக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். பட்டனிலிருந்து பலவீனமான கையில் எடுத்த பாட்டை வேண்டுமானால் எப்போதாவது காட்டுங்கள். காட்டாமல் கவிழ்த்துவைத்த கையைப் பற்றி அந்த அண்ணன் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த சீட்டைக் கலையுங்கள்.